ஷட்டர் லென்ஸிலா, பாடியிலா? சேலம், ஏற்காடு வேலைக்கு எந்த மீடியம் ஃபார்மட்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு கேட்டலாக், அம்மாபேட்டைப் பக்கம் பட்டுப்புடவை, முகூர்த்த நாளில் கோயில் வாசலில் பொண்ணு மாப்பிள்ளை, ஓய்வு கிடைத்தால் ஏற்காட்டுப் பனிமூட்டம். சேலத்தில் கேமராவை நம்பிப் பிழைப்பவருக்கு வேலை பெரும்பாலும் இந்த நான்கைத்தான் சுற்றிவரும். 35 எம்எம் அளவு டிஜிட்டல் ஒன்று கையில் இருக்கிறது, அடுத்தது மீடியம் ஃபார்மட் (அதைவிடப் பெரிய ஃபிலிமோ சென்சாரோ உள்ள கேமரா) என்று மனசு போய்விட்டது என்றால், முதலில் எழுவது எத்தனை மெகாபிக்சல், ஃபிலிமில் படத்தின் அளவு 6×6 செ.மீ.-ஆ 6×7-ஆ என்ற கேள்விகள்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஷட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வெயிலில் ஃப்ளாஷ் எப்படி எடுபடும், ட்ரைபாடில் வைத்தும் படம் ஆடுமா, எந்தப் பழைய லென்ஸ் பொருந்தும், ஒன்று கெட்டால் எதெல்லாம் நின்றுபோகும் என்பதெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

லென்ஸுக்குள்ளேயே இருப்பது லீஃப் ஷட்டர். மெல்லிய தகடுகள் நடுவிலிருந்து விரிந்து திறந்து, திரும்ப மூடும். ஹாசல்பிளாட் 500 சி/எம், மமியா ஆர்பி67 இரண்டும் இந்த வகை. இரண்டும் 1970-இல் வந்தவை. டிஜிட்டலில் ஹாசல்பிளாடின் எக்ஸ் வரிசையும் இதே வகைதான். ஃபிலிமுக்கோ சென்சாருக்கோ நேர் முன்னால் திரைபோல ஓடுவது ஃபோகல் பிளேன் ஷட்டர். 1969-இல் 6×7 என்ற பெயரில் வந்து 1989-இல் 67 என்று பெயர் மாறிய பென்டாக்ஸ், 2021-இல் வந்த ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2, ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் ஆகியவை இந்த வகை. மமியா 645 ஃபோகல் பிளேன், பிரோனிக்கா எஸ்க்யூ லீஃப். கீழே சொல்லும் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். வீட்டு பீரோவில் யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய 6×6 ஃபிலிம் கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் அதில் நாலு ரோல் ஓட்டிவிடுங்கள். லென்ஸ் மாற்ற முடியாது, அவ்வளவுதான். சதுர ஃப்ரேமும் இடுப்பளவு வியூஃபைண்டரும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

நடுப்பகல் கணக்கு

முகூர்த்தம் முடிந்து பொண்ணு மாப்பிள்ளை வெளியே வரும்போது மணி பதினொன்று. சேலத்து வெயில் உச்சந்தலையில் விழுகிறது, கண்ணுக்கடியில் கருநிழல். ஃப்ளாஷ் கொடுத்தே ஆக வேண்டும். ஐஎஸ்ஓ 100-இல் நல்ல வெயிலுக்கு 1/125, எஃப் 16 என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கிருந்து ஒவ்வொரு கேமராவும் எஃப் எண்ணில் எவ்வளவு தூரம் இறங்க முடியும், அதாவது லென்ஸ் துளையை எவ்வளவு பெரிதாக்க முடியும் என்று பாருங்கள்.

500 சி/எம் எல்லா வேகத்திலும் ஃப்ளாஷுடன் சேர்ந்து ஓடும். உச்ச வேகம் 1/500 என்பதால் எஃப் 8-க்கு வரலாம். ஆர்பி67-இன் உச்சம் 1/400, ஏறத்தாழ எஃப் 9. ஜிஎஃப்எக்ஸ் ஃப்ளாஷோடு 1/125-ஐத் தாண்டாது, ஆகவே எஃப் 16-லேயே நிற்க வேண்டும். பென்டாக்ஸ் 67-இன் சிங்க் வேகம் (ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய உச்ச வேகம்) 1/30. அதற்கு எஃப் 32 வேண்டும், பல லென்ஸில் அது இருக்கவே இருக்காது. எக்ஸ் வரிசையின் எக்ஸ்சிடி லென்ஸ்கள் பெரும்பாலும் 1/2000 வரை போகும், எஃப் 4-லேயே எடுக்கலாம்.

பின்னணி மங்குவது மட்டும் இதில் விஷயமில்லை. எஃப் 16-க்குப் போதுமான ஃப்ளாஷில் நாலில் ஒரு பங்கு எஃப் 8-க்குப் போதும். கோயில் வாசலுக்குப் பெரிய மோனோலைட்டும் ஜெனரேட்டரும் தூக்கிப் போவதா, தோள் பையில் அடங்கும் பேட்டரி ஃப்ளாஷ் போதுமா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. ஜிஎஃப்எக்ஸில் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை நாலு முறை பாதியாக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டி எஃப் 4-க்கு வரலாம். ஆனால் ஃபில்டர் வெயிலை வெட்டும்போது ஃப்ளாஷையும் சேர்த்தே வெட்டும், அதனால் ஃப்ளாஷில் ஒரு சொட்டும் மிச்சமாகாது. சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்கும் ஹைஸ்பீடு சிங்க் போட்டால் ஃப்ளாஷின் பலம் இன்னும் குறையும்.

பென்டாக்ஸுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 90 எம்எம் எஃப் 2.8, 165 எம்எம் எஃப் 4 ஆகியவற்றில் லீஃப் ஷட்டர் வைத்த லென்ஸ்களும் வந்தன. வெளியே ஃப்ளாஷ் அடிப்பவர் பென்டாக்ஸை வாங்குவதென்றால் அவற்றில் ஒன்று கைக்கு வந்த பிறகு வாங்குவது நல்லது.

லீஃப் ஷட்டரிலும் ஒரு கோணல் இருக்கிறது. தகடு விரிந்து மூடவும் நேரம் எடுக்கும். எஃப் 22 போன்ற சின்ன துளையில், உச்ச வேகத்தில், தகடு விரியத் தொடங்கியவுடனே துளை முழுதாகத் திறந்துவிடுகிறது. அதனால் எழுதியிருக்கும் வேகத்தைவிடச் சற்று அதிக வெளிச்சம் உள்ளே போகும். நெகட்டிவ் ஃபிலிம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தால் பாதி ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொலுசு

கடைக்குள்ளோ ஸ்டுடியோவிலோ மேசைமேல் வைத்து எடுக்கும்போது மேலே சொன்ன சண்டையே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் படத்தை எழுதுவது ஃப்ளாஷ் மட்டும்தான். 1/30 சிங்க் கூடப் போதும். இங்கே பார்க்க வேண்டியது எவ்வளவு கிட்டே போக முடியும் என்பது.

ஆர்பி67-க்கு லென்ஸைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும் பழக்கம் கிடையாது. பாடியிலேயே பெல்லோஸ் (துருத்தி) இருக்கிறது, அது 46 எம்எம் நீளும். 127 எம்எம் லென்ஸோடு முழுதும் நீட்டினால் உருவம் ஏறத்தாழ 0.36 மடங்கு, அதாவது 15 செ.மீ. × 19 செ.மீ. இடம் ஃபிலிமில் நிறையும். கொலுசு ஜோடியை வளைத்து வைத்தால் அடங்கிவிடும், தனி மேக்ரோ லென்ஸ் வேண்டாம். 90 எம்எம் போட்டால் 0.51 மடங்கு வரை போகும், ஆனால் லென்ஸுக்கும் கொலுசுக்கும் நடுவே 27 செ.மீ. கூட இருக்காது. பாலிஷ் போட்ட வெள்ளியில் கேமராவின் கறுப்பு முகம் அப்படியே தெரியும். 127-ஐப் போட்டு 48 செ.மீ. தள்ளி நிற்பதே மேல்.

பெல்லோஸ் நீண்டால் வெளிச்சம் குறையும். 0.36-க்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப், 0.51-க்கு ஒன்றேகால் ஸ்டாப் கூட்டித் தர வேண்டும். பாடியின் பக்கவாட்டில் இதற்கான அளவுகோல் இருக்கிறது. அதைப் பார்க்க மறந்தால் வெள்ளி ஈயமாகிவிடும். 500 சி/எம்-இன் 80 எம்எம் லென்ஸ் 0.9 மீட்டருக்குக் கிட்டே வராது, இடையில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸை முன்னால் தள்ளும் வெற்றுக் குழல்) போட வேண்டும். முதலில் ட்யூபைப் பாடியில் மாட்டி, பிறகு லென்ஸை ட்யூபில் மாட்டுவது வரிசை. கழற்றும்போது லென்ஸ் முதலில், ட்யூப் பிறகு. மாற்றிச் செய்தால் என்ன நடக்கும் என்பது கடைசியில் வருகிறது.

ஃபிலிமில் கொலுசு எடுப்பதன் உண்மையான இடைஞ்சல் வேறு. முன்பெல்லாம் இன்ஸ்டன்ட் ஃபிலிம் பேக்கில் ஒன்று எடுத்து வெளிச்சத்தைச் சரிபார்ப்பார்கள். ஃபூஜி எஃப்பி-100சி 2016-இல் நின்றுபோனது. இப்போது கையிலிருக்கும் சின்ன டிஜிட்டலில் அதே ஐஎஸ்ஓ, அதே எஃப் எண் வைத்து ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, பெல்லோஸுக்கான ஸ்டாப்பைக் கூட்டி ஃபிலிமில் எடுக்க வேண்டும். கடைக்காரர் சாயங்காலமே படம் வாட்ஸ்அப்பில் வர வேண்டும் என்பார். இந்த ஒரு வேலைக்காக ஃபிலிம் வாங்குவது வீண்.

ஜிஎஃப்எக்ஸின் 120 எம்எம் எஃப் 4 மேக்ரோ 0.5 மடங்கு தரும். 43.8 × 32.9 எம்எம் சென்சாரில் அது ஏறத்தாழ 88 × 66 எம்எம் இடம். கொக்கி, சலங்கை, எனாமல் வேலை எல்லாம் தனித்தனியாக எடுக்கலாம். ஆழம் போதவில்லையே என்று எஃப் 32-க்குப் போகாதீர்கள். 50 மெகாபிக்சல் சென்சாரில் எஃப் 16-ஐத் தொட்டாலே டிஃப்ராக்ஷனில் (சின்னத் துளையில் ஒளி விரிந்து மங்குவதில்) மணிகளின் கூர்மை கரைந்துவிடும். எஃப் 8-இல் நின்று, கேமராவில் உள்ள ஃபோகஸ் பிராக்கெட்டிங்கை (ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாக எடுப்பது) வைத்து 15 முதல் 25 படம் எடுத்துச் சேர்ப்பதே வழி. படத்துக்குப் படம் 2 விநாடி இடைவெளி வையுங்கள். இல்லாவிட்டால் ஃப்ளாஷ் நிறைவதற்குள் அடுத்த படம் போய், நடுவில் சில படம் இருண்டு, அடுக்கும்போது கோடு கோடாகத் தெரியும்.

பாடியில் ஷட்டர் இருப்பதன் பெரிய லாபம் இங்கேதான். முன்னால் எந்தக் கண்ணாடியை வைத்தாலும் கேமரா படம் எடுக்கும். மூடிப்போன ஸ்டுடியோக்களின் டார்க்ரூமிலிருந்து வரும் 80 எம்எம் என்லார்ஜர் லென்ஸை ஒரு சின்ன பெல்லோஸோடு ஜிஎஃப்எக்ஸில் மாட்டலாம். தட்டையான சின்னப் பொருளைக் கிட்டத்தில் காட்டவே செய்யப்பட்ட லென்ஸ் அது, மேக்ரோ லென்ஸின் விலையில் ஒரு துளிதான் ஆகும். பென்டாக்ஸ் 67 லென்ஸ்களும் சாதா அடாப்டரில் உட்காரும். எக்ஸ் வரிசையில் வேற்று லென்ஸ் மாட்டினால் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான். ஃப்ளாஷ் அதோடு சேராது. 50 மெகாபிக்சல் சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிக்க ஏறத்தாழ கால் விநாடி எடுப்பதால் ஷோகேஸ் எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாக விழும். ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2-விலும் எலக்ட்ரானிக் ஷட்டரைத் தொட்டால் இதே கதி, மெக்கானிக்கலிலேயே வையுங்கள்.

பட்டு

50 மெகாபிக்சல் சென்சாருக்கு முன்னால் ஆன்டி-ஏலியாசிங் ஃபில்டர் (நுண்ணிய வரிகளைச் சற்றே மங்கலாக்கும் கண்ணாடி) இல்லை. லென்ஸோ ஊசி முனைக் கூர்மை. வெண்பட்டின் மெல்லிய இழை வரிசை பிக்சல் வரிசையோடு உரசி, வெள்ளைத் துணியில் பச்சையும் ஊதாவுமாக அலை எழும். கலர் புடவையில் கண்ணுக்குத் தப்பலாம், வெண்பட்டில் தப்பவே தப்பாது. கம்ப்யூட்டரில் துடைத்தால் ஜரிகையின் நிறமும் சேர்ந்து போகும். எடுக்கும்போதே தடுக்க மூன்று வழி: கேமராவை ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ நகர்த்துவது, துணிக்கும் கேமராவுக்கும் உள்ள கோணத்தைச் சில டிகிரி திருப்புவது, எஃப் 16-க்கு மூடி டிஃப்ராக்ஷனையே ஃபில்டராக்கிக்கொள்வது. கொலுசுக்குக் கூடாது என்ற எஃப் 16 இங்கே மருந்து. மொத்தப் புடவையைப் பார்த்தால் அலை தெரியாது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி முந்தானையைச் சரிபார்த்த பிறகே அடுத்த புடவைக்குப் போங்கள்.

புடவைதான் முக்கிய வேலை என்றால் 102 மெகாபிக்சல் 100எஸ் கொடுத்த காசுக்குத் தகும். பிக்சல் சின்னது, அலையும் வெகுவாகக் குறையும். ஃபைல் இரண்டு மடங்கு. கம்ப்யூட்டருக்கும் ஹார்டு டிஸ்குக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும். ஃபிலிமில் இந்தத் தொல்லையே இல்லை, கிரெய்ன் வரிசையாக அடுக்கியிருக்கவில்லை அல்லவா.

மலை

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டருக்கு உள்ளேதான். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. காரில் போய் லேடீஸ் சீட்டில் இறங்கி நிற்பவருக்கு எடை ஒரு பொருட்டில்லை. கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறுபவருக்கும், காபித் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்கும் அதுதான் எல்லாம். ஆர்பி67 ஒரு லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் ட்ரைபாடும் சேர்ந்தால் ஐந்து கிலோ. பென்டாக்ஸ் ப்ரிஸத்தோடு கிட்டத்தட்ட அதே கனம், ஆனால் பெரிய எஸ்எல்ஆர் போலக் கையில் அமரும். 500 சி/எம் 80 எம்எம்-ஓடு ஒன்றரைக் கிலோ. ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 பேட்டரியோடு 900 கிராம், 35-70 எம்எம் லென்ஸ் 390 கிராம்.

சில்வர் ஓக் நிழலில், காபிச் செடிக்கு நடுவே, எஃப் 16 வைத்தால் வேகம் 1/15, 1/8, அரை விநாடி என்று இறங்கிவிடும். படம் எடுக்கும் நொடியில் உள்ளிருக்கும் மிரர் மேலே எழும்பி அடித்து கேமரா அதிரும் ஆபத்தான வேகங்கள் இவைதான். லீஃப் ஷட்டர் கேமராவில் மிரரை முன்கூட்டியே தூக்கிவிட்டால் அதிர்வு அனேகமாக முடிந்தது, தகடுகளுக்கு எடையே இல்லை. ஆர்பி67-இல் லென்ஸில் உள்ள மிரர்-அப் குமிழை எம்-க்குத் திருப்பி, கேபிள் ரிலீஸை லென்ஸின் துளையில் முடுக்குங்கள். பாடியின் பட்டனை அமுக்கினால் மிரர் மட்டும் ஏறும். மூன்று நான்கு விநாடி பொறுத்துக் கேபிளை அமுக்கினால் ஷட்டர் திறக்கும். எடுத்து முடித்ததும் குமிழை நார்மலுக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் அடுத்த படத்தில் மிரர் மட்டும் தூக்கி, ‘டக்’ என்ற சத்தத்தை நம்பி, எடுக்காத படத்தை எடுத்ததாக நினைத்து ரோலை நகர்த்திவிடுவீர்கள்.

பென்டாக்ஸில் மிரரைத் தூக்கினாலும் பாதிதான் தீரும். துணித்திரை ஷட்டரே கனமானது, ஓடி முட்டும்போது தானே உதைக்கும். 1/30 முதல் 1/4 வரை, 165-க்கு மேற்பட்ட லென்ஸோடு, ட்ரைபாடின் நடுக்கம்பியில் பையைத் தொங்கவிட்டு, ஒரு கையால் ப்ரிஸத்தை அழுத்திப் பிடிப்பவர்களே தப்பிக்கிறார்கள். 1976-க்கு முந்தைய 6×7 பாடிகளில் மிரர் லாக்கே இல்லை, அவற்றை மலைக்கென்று வாங்க வேண்டாம். ஷட்டரை விரும்பிய நேரம் திறந்துவைக்கும் பல்பில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் 6 வோல்ட் பேட்டரி கரையும். பேட்டரி செத்தால் கேமராவும் செத்தது. ஏற்காட்டுக் கடைவீதியில் 4எல்ஆர்44 தேடி அலையாமல், கிளம்பும்போதே இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு குறை சொன்னாலும் வெளியே, ஃப்ளாஷ் இல்லாமல், கையில் பிடித்து ஆள் படம் எடுக்க 105 எம்எம் எஃப் 2.4 போல ஒன்று கிடைக்காது. 35 எம்எம் கணக்கில் அது 51 எம்எம் எஃப் 1.2-க்குச் சமம்.

ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2-வின் பலம் பாடிக்குள் இருந்து கை நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர். அகல லென்ஸில் 1/8-ஐக் கையிலேயே எடுத்துவிடலாம். பலவீனம் பனிமூட்டம். அதன் ஆட்டோ ஃபோகஸ் கான்ட்ராஸ்ட்டைத் தேடித்தான் ஓடும். மூட்டத்தில் கான்ட்ராஸ்ட் ஏது? முன்னும் பின்னும் அலைந்து நின்றுவிடும். பக்கத்து மரத்தின் கறுத்த ஓரத்தைப் பிடியுங்கள், இல்லையென்றால் மேனுவலுக்குப் போங்கள். ஃபேஸ் டிடெக்ஷன் உள்ள 100எஸ் இதில் தேவலை.

மீட்டரும் மூட்டத்தில் ஏமாறும். வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரு விநாடிக்கு மேல் போனால் மீட்டர் சொன்ன நேரத்தை 1.31 அடுக்குக்கு ஏற்ற வேண்டும்: 4 விநாடி 6 ஆகும், 10 விநாடி 20 ஆகும். லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி சேலம் வெளிச்சத்தை எடுப்பவர்கள் இதைக் கைபேசியில் குறித்துவைத்துக்கொண்டால் நல்லது. விடிகாலையில் இடுப்பளவு வியூஃபைண்டரில் குனிந்து பார்க்கும்போது மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி மங்கும், துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

இறங்கும்போதுதான் உண்மையான ஈரம். 16 டிகிரியில் குளிர்ந்த லென்ஸை சேலத்து வெக்கையில் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் நீர்த்துளி பூக்கும். பையின் ஜிப்பை மேலேயே மூடி, வீடு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். லீஃப் ஷட்டர் லென்ஸை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகவே கூடாது. எண்ணெய் இளகித் தகடுகளுக்கு ஏறினால் அவை ஒட்டிக்கொள்ளும், லென்ஸைக் கழற்றிக் கழுவும் செலவு வரும்.

ஃபிலிம் கழுவுவது

ஃபிலிம் எடுக்க முடிவு செய்தால் கணக்கு எளிது. 120 ரோலில் 6×6 என்றால் 12 படம், 6×7 என்றால் 10. ரோல் விலையோடு கழுவுவதும் ஸ்கேனும் கூரியரும் சேர்த்து 12-ஆலோ 10-ஆலோ வகுத்தால் ஒரு படத்தின் செலவு. மாதம் பத்து ரோல் என்றால் வருஷத்துக்கு 120 ரோல். அதற்கு ஆகும் தொகையை மூன்று வருஷத்துக்குப் பெருக்கிப் பழைய ஜிஎஃப்எக்ஸ் விலையோடு வைத்துப் பாருங்கள், தயக்கம் தானாகத் தீரும். பிளாட்பெட் ஸ்கேனரில் உண்மையாகக் கிடைக்கும் 2,400 டிபிஐ அளவில் 6×7 நெகட்டிவ் ஏறத்தாழ 35 மெகாபிக்சல் தரும்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இங்கே எதிரி சூடு. எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் போட்டால் 20 டிகிரியில் 7.5 நிமிடம். சித்திரை மாசத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் அந்த நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே போய், வானம் திட்டுத் திட்டாக வரும். 1+1 கலந்துகொள்ளுங்கள்: 250 மில்லி மருந்து, 250 மில்லி தண்ணீர், 500 மில்லியில் 120 ரோல் ஒன்று. 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் 9 நிமிடத்துக்கு அருகே. இது சமாளிக்கக்கூடிய நேரம். ராத்திரியே மண்பானையில் ஊற்றிவைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி வாளியில் மிதக்கவிடுங்கள், மருந்துக்குள் நேரே போட்டால் கலவை நீர்த்துப்போகும். டெவலப்பருக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர், அலசுவதற்குக் குழாயின் சுடுதண்ணீர் என்று போகக் கூடாது. எமல்ஷன் சுருங்கிப் பாம்புச் சட்டைபோல வரி விழும். எல்லாம் 2, 3 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். போர் தண்ணீர் உப்புத் திட்டு விடும் என்பதால் கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில்.

எதை எடுப்பது?

கொலுசும் புடவையும் சோறு போடுகிறது என்றால் ஃபோகல் பிளேன் டிஜிட்டல்: கொலுசு மட்டும் என்றால் பழைய 50எஸ் 2, புடவை அதிகம் என்றால் 100எஸ். கல்யாணத்தில் வெயிலில் ஃப்ளாஷ்தான் முழு வேலை என்றால் எக்ஸ் வரிசை. லென்ஸ் ஒவ்வொன்றிலும் ஷட்டருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம் என்பதால் இரண்டு லென்ஸோடு நிற்கத் தெரிந்தவருக்கே அது கட்டும். ஏற்காட்டுக்காக, நிதானமாக, காரில் என்றால் ஆர்பி67. பேட்டரியே வேண்டாம், ஃபிலிம் இருக்கும் பின்பகுதியான பேக்கைச் சுழற்றினாலே நெட்டைப் படம். நடந்து போகிறவருக்கு 500 சி/எம். பின்னாளில் சிஎஃப்வி டிஜிட்டல் பேக் மாட்டும் வழியும் அதற்கு உண்டு, விலை யானை விலை. பென்டாக்ஸை ஆள் படத்துக்காக மட்டும் வாங்குங்கள்.

பழசு வாங்கும்போது

லீஃப் ஷட்டர் என்றால் ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஐந்து லென்ஸ் என்றால் ஐந்து ஷட்டர். ஒன்று கெட்டால் மற்ற நான்கும் ஓடும் என்பது ஆறுதல். ஃபோகல் பிளேனில் ஒன்று கெட்டால் மொத்தமும் நிற்கும். லீஃப் லென்ஸை 1 விநாடியில் வைத்துப் பத்து முறை தட்டுங்கள். முதல் இரண்டு முறை இழுத்துப் பிறகு சரியானால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, கழுவும் கூலியை விலையில் குறைத்துப் பேசுங்கள். ஹாசல்பிளாடில் பழைய சி லென்ஸின் காம்பூர் ஷட்டருக்கு உதிரிபாகம் அரிது, பிராண்டோர் ஷட்டர் உள்ள சிஎஃப் எடுங்கள். பேக்கின் உறைக்கும் உள்ளே உள்ள இன்சர்ட்டுக்கும் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஏ24 பேக்கை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், அது 120-க்கு அல்ல, 220 என்ற வேறு ரோலுக்கானது.

ஆர்பி67-இல் பேக்கின் நுரை ரப்பர் நம் ஊர் சூட்டில் தார்போல இளகியிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புது நுரை ஒட்டுவது ஒரு மாலை வேலை. பெல்லோஸை முழுதும் நீட்டி, இருட்டில், உள்ளே டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள்.

பென்டாக்ஸில் 120, 220 சுவிட்ச், பிரஷர் பிளேட் இரண்டும் 120-இல் நிற்க வேண்டும். மீட்டர் ப்ரிஸத்தை லென்ஸ் இல்லாதபோது மாட்டி, பிறகு லென்ஸை மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சங்கிலி அறுந்துவிடும். பழைய 105 எம்எம் டாகுமரின் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் பயப்பட வேண்டாம். அது தோரியம் கலந்த கண்ணாடி, சில நாள் வெயிலில் வைத்தால் தெளியும். ஃபோகஸ் ரிங்கின் கிரீஸ் உருகாமல், காலை வெயிலில் வையுங்கள்.

500 சி/எம்-இல் லென்ஸும் பாடியும் இரண்டும் விசை ஏறிய நிலையில் இருந்தால்தான் கழற்றவோ மாட்டவோ வேண்டும். எக்ஸ்டென்ஷன் ட்யூப் வரிசை மாறினாலும், விசை இறங்கிய லென்ஸைத் திணித்தாலும் ஜாம் ஆகிவிடும்; கிராங்கும் சுற்றாது, லென்ஸும் வராது. பலவந்தம் வேண்டாம். ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடைச் செருகிப் பேக்கைக் கழற்றுங்கள். பின்பக்கக் கதவு இரண்டையும் விரலால் மெல்ல விலக்கி, நீளமான மெல்லிய திருப்புளியை லென்ஸோ ட்யூபோ பாடியோடு சேரும் இடத்தில் தெரியும் வெட்டுள்ள தண்டுக்குக் கொண்டுபோய், ‘க்ளிக்’ என்று நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். திருப்புளி வழுக்கினால் கீறுவது பின் கண்ணாடியைத்தான், அதனால் முனைக்கு மேலே முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.